அர்செனியோ என்று கூப்பிட்டால்

லா ஃபே சர்க்கரை ஆலைக் குடியிருப்பு, சான் பெத்ரோ
14 செப்டம்பர் 2024

தெமெத்ரியோ,

இந்தப் பெயரில் யாராவது உனக்குக் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ, எனக்குத் தெரியாது. பயப்படாதே. உறையின் மேல் உன் அமெரிக்கப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். என் தம்பியின் பெயரை.

அம்மா போய்விட்டாள். நாலாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு. உனக்கு மூன்று தடவை ஃபோன் செய்தேன். மூன்று தடவையும் உன் வக்கீல்தான் எடுத்தார். "மிஸ்டர் வால்தெஸ்பினா இப்ப யார்கிட்டயும் ஃபோன்ல பேசறதில்லம்மா. எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பிடுங்க" என்றார். அம்மா செத்ததை ஒருவன் வக்கீல் மூலம் தெரிந்துகொள்கிற காலம் வந்துவிட்டது. அவளை உன் அம்மா என்று நான் சொல்லவில்லை, உன் பாஸ்போர்ட் சொல்கிறது.

நீ வருவாய் என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியின் முன்பக்கத்தை மகன்தான் தூக்க வேண்டும் என்று இடம் விட்டு நின்றார்கள். கடைசியில் ரொட்டிக்கடை பசீலியோ தூக்கினான்.

ஒன்பது நாள் ஜெபம் நேற்று முடிந்தது. கடைசி நாளில் இந்தத் தெருவில் செத்தவர்கள் எல்லோருடைய பெயரையும் ஜெபம் நடத்துகிற லுக்ரேசியா வரிசையாகச் சொல்வாளே, நேற்றும் சொன்னாள். "தெமெத்ரியோ பனியாகுவாவின் ஆத்துமா" என்றாள். "இளைப்பாறட்டும்" என்றோம், நானும் சேர்ந்துதான். நீ உயிரோடு இருக்க, முப்பத்தோரு வருஷமாக உன் ஆத்துமாவுக்கு ஜெபம் நடக்கிறது. என் தம்பிக்காக ஒருவர் ஒருநாள்கூட வாயைத் திறந்ததில்லை. அவன்தான் நியூ ஜெர்சியில் நீச்சல்குளம் வைத்த வீட்டில் சௌக்கியமாக இருக்கிறானே!

நான் எதையும் மறக்கவில்லை. 1993 ஜூன். என் தம்பி அர்செனியோவுக்குப் பதினாறு. அவனோடு ஒப்பந்தம் போட ஜூலை இரண்டாம் தேதி அமெரிக்க பேஸ்பால் கிளப்காரர்கள் முதல் தடவையாக நேரில் வருவதாக இருந்தது. அப்போது அவனுக்குக் காய்ச்சல், கால் பூசணிபோல வீங்கிவிட்டது. சேதி கிளப்புக்குப் போனால் ஒப்பந்தம் போய்விடும் என்று உங்கள் பயிற்சிக்காரன் சோய்லோ அவனை உன் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தான். உன் பெயரிலேயே அவன் செத்தான். சாவுச் சீட்டும் உன் பெயரில் வந்தது. "சீட்டே அப்படி வந்துடுச்சே, அப்படியே விட்டுடுவோம்" என்றான் சோய்லோ. பத்தொன்பது வயதாகி, எந்தக் கிளப்பும் திரும்பிப் பார்க்காத நீ, பதினாறு வயது அர்செனியோவாகி விமானம் ஏறினாய்.

உன் அம்மா ஒஃபேலியா, உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக ஒரு வருஷம் கறுப்பு உடுத்தினாள். என் அம்மா, தான் பெற்ற பிள்ளையைப் புதைக்கும்போது பக்கத்து வீட்டுக்காரிபோல ஒதுங்கி நின்றாள். "நான் இருக்கிறவரைக்கும் அந்தச் சிலுவையத் தொடாதே" என்று அம்மா சொல்லியிருந்தாள். இப்போது அவள் இல்லை.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். எல்லோரும் சிலுவைக்கு வர்ணம் அடிக்க வருவார்கள். அன்றைக்கு உன் பெயரை அழித்துவிட்டு என் தம்பியின் பெயரை எழுதப்போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன்.

நூரிஸ்

*

பாட்டர்சன், நியூ ஜெர்சி
29 செப்டம்பர் 2024

நூரிஸ்,

உன் கடிதத்தை நாலு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். படித்தவுடன் கொளுத்திவிடச் சொன்னார் வக்கீல். கொளுத்தவில்லை.

எர்மீனியா அம்மாவின் அடக்கத்துக்கு வராதது தப்புதான். வந்திருந்தால் பத்திரிகைக்காரர்கள் பின்னாலேயே வந்திருப்பார்கள். கல்லறைக்குள்ளும் வருவார்கள். கேமராவோடு நாலு பேர் அந்தச் சிலுவைக்குப் பக்கத்தில் நிற்பதை நினைத்துப் பார். இதைச் சாக்கு என்பாய். சாக்குதான்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். ஜனவரி வரைக்கும் பொறு.

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் புகழ் மண்டபத்தில் என்னைச் சேர்ப்பதா என்று பத்திரிகைக்காரர்கள் வருஷா வருஷம் ஓட்டுப் போடுகிறார்கள். பத்து வருஷம்தான் கணக்கு. அதற்கப்புறம் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். இது பத்தாவது வருஷம். நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் சம்மதிக்க வேண்டும். போன வருஷம் எழுபது பேர் சம்மதித்தார்கள். ஊக்க மருந்து விவகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறார்கள். இந்த நேரத்தில் பெயரும் வயசும் பொய் என்று தெரிந்தால் எல்லாம் போச்சு.

நூரிஸ், நானூற்று முப்பத்தோரு ஹோம் ரன். அதை அடித்தது இந்தக் கை. மருந்து பந்தைப் பார்க்காது, கண்தான் பார்க்கும். உன்னிடம் மட்டுமாவது இதைச் சொல்லவிடு.

நான் நிம்மதியாக இருந்ததாக நினைக்காதே. பதினான்கு வருஷம் பெரிய மைதானங்களில் ஆடினேன். அவன் செத்த ஜூன் பத்தொன்பதாம் தேதியில் ஒரு தடவைகூட என் மட்டையில் பந்து சரியாகப் பட்டதில்லை. நீ வேண்டுமானால் பழைய பேப்பரை எடுத்துப் பார். நீங்கள் எல்லோரும் வருஷ ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே என் பெயரைச் சொல்லச் சொல்ல, இங்கே கை கனத்துப்போகும்.

மைதானத்தில், இரண்டாவது பேஸில், உன் தம்பி நின்றுகொண்டிருப்பான். அதே கிழிந்த கால்சட்டை, வாயில் கரும்பு. எங்கள் ஆள் யாராவது அங்கே ஓடிப்போய் நின்றால் நகர்ந்து இடம் கொடுப்பான். இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

ஜனவரி வரை. கெஞ்சிக் கேட்கிறேன்.

நான்தான்

*

லா ஃபே
12 அக்டோபர் 2024

'நான்தான்' என்று கையெழுத்துப் போடுகிற மகாராஜாவுக்கு,

யாரப்பா நீ? இரண்டு பெயரை வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட எழுதத் துணிச்சல் இல்லையா?

ஓட்டுக் கணக்கெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாய். உன் கணக்கில் என் தம்பி எங்கே வருகிறான்? நான் சொல்கிறேன், கேள். 2009-இல் அந்த மருந்து வியாபாரியின் பட்டியல் வெளியானபோது அதில் 'அர்செனியோ வால்தெஸ்பினா' என்று இருந்தது. பேப்பரில் கார்ட்டூன் போட்டார்கள், மட்டைக்குப் பதிலாகப் பெரிய ஊசியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். அடியில் என் தம்பி பெயர். நீ டி.வி.யில் வந்து கையைத் தூக்கி, "என் அம்மா மேல சத்தியமா நான் எதையும் தொட்டதில்ல" என்றாய். எந்த அம்மா மேல்? கறுப்பு உடுத்தியவள் மேலா, உடுத்த முடியாதவள் மேலா?

போன வாரம் மளிகைக்கடையில் எனக்கு முன்னால் நின்ற வாத்தியார் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "என்ன நூரிஸ், உன் தம்பி மட்டையால அடிச்சானா, ஊசியால அடிச்சானா?" கடையே சிரித்தது. நானும் பல்லைக் காட்டிவிட்டு அரிசியை வாங்கிக்கொண்டு வந்தேன். "அவன் பதினாறு வயசுல செத்துட்டான்டா, நாசமாப் போறவனே" என்று கத்த வேண்டும்போல இருந்தது. உனக்காக வாயை மூடிக்கொண்டேன். என் தம்பி உலகத்துக்கு முன்னால் மோசடிக்காரனாக நிற்கிறான். அவன் திரும்பி வந்து இல்லை என்று சொல்லப்போகிறானா?

அம்மாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். உன் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். "அர்செனியோ மட்டை பிடிக்க வருகிறார்" என்றால் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். போகப்போக எனக்குப் பயமாகிவிட்டது. அவன் நிஜமாகவே உயிரோடு இருக்கிறான் என்று நம்பிவிட்டாளோ என்று நினைத்தேன். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் வருவானா?" என்றாள். எந்த 'அவன்' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி வரை பொறுக்க வேண்டுமா? ஒன்று சொல், யோசிக்கிறேன். ஊசி போட்ட அன்றைக்கு நீ அவன்கூட இருந்தாய். கோழிக்கொட்டகைக்குப் பின்னால் நீங்கள் இரண்டு பேர் மட்டும். ஒரே புட்டி மருந்தை இரண்டு பேரும் போட்டுக்கொண்டதாகச் சோய்லோ சொன்னான். அவன் செத்தான், உனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஏன்?

நூரிஸ்

*

பாட்டர்சன்
27 அக்டோபர் 2024

நூரிஸ்,

இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

அந்த மருந்து குதிரைக்குப் போடுவது. கால்நடை மருந்துக்கடையில் சோய்லோ வாங்கி வந்தான். அப்போது எல்லாப் பயிற்சிக்காரர்களும் அதைத்தான் செய்தார்கள். ஆளுக்கு ஓர் ஊசி, ஒருவருக்கு ஒருவர் போட்டுவிட வேண்டும். கிளப்காரர்கள் பார்க்க வரும்போது தொடையும் தோளும் தெரிய வேண்டுமாம்.

அதற்கு முந்தின மாதம் எனக்கு மட்டும் போட்டது தொடையில் சீழ் கட்டியிருந்தது. நடக்க முடியாமல் பத்து நாள் கிடந்தேன். அந்தப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். எண்ணெய் மாதிரி கெட்டியாக இருந்தது. மூடியை முன்னாலேயே யாரோ திறந்திருந்தார்கள். அதையும் பார்த்தேன். பார்த்தேன், நூரிஸ்.

முதலில் அவனுக்குப் போட்டேன். அடுத்தது என் முறை. நான் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "உன்னத்தானே பாக்க வரானுங்க. என்னோடதையும் நீயே போட்டுக்கோ, நாளைக்குப் பந்த ஆலைக்கு அந்தப் பக்கம் அடிக்கலாம்" என்றேன். "அப்போ உனக்கு?" என்று கேட்டான். "எனக்கு வயசு ஏறிப்போச்சுடா, எவன் என்னைப் பாக்கப்போறான்" என்றேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டான். "நான் போனா உன்னையும் கூப்பிட்டுக்குவேன்" என்றான். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திரும்பி நின்றான்.

காலிப் புட்டியைச் சோய்லோவிடம் காட்டி, இரண்டு பேரும் போட்டுக்கொண்டோம் என்றேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டார். நான் வாசலில்தான் நின்றேன். என் பெயர் எழுதின கட்டிலில் அவன் கிடந்தான். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அமெரிக்காவில் பிறகு எட்டு வருஷம் நானே எனக்குப் போட்டுக்கொண்டேன். விலை உயர்ந்த மருந்து, சுத்தமான ஊசி. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் செத்துவிடுவேன் என்று நினைப்பேன். சாகவில்லை. தோள்தான் பெரிதாயிற்று.

என் அம்மா ஒஃபேலியாவின் அடக்கத்துக்கு வந்தபோது கடைசி வரிசையில் பிரமுகர்களோடு உட்கார்ந்தேன். "பக்கத்து வீட்டு அம்மாவ மறக்காம வந்திருக்கான் பாரு, பெரிய மனசு" என்று யாரோ சொன்னார்கள். அழக்கூட அளவு பார்த்து அழுதேன். அது எனக்கு வேண்டியதுதான்.

ஜனவரியைப் பற்றி இனி உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. நவம்பர் இரண்டாம் தேதி நீ என்ன வேண்டுமானாலும் எழுது.

(கையெழுத்து இல்லை)

*

லா ஃபே
24 நவம்பர் 2024

உன் கூரியர் கடிதம் அக்டோபர் முப்பதாம் தேதி கிடைத்தது. இத்தனை நாள் ஏன் எழுதவில்லை என்று கேட்காதே. எழுதியிருந்தால் வாய்க்கு வந்ததெல்லாம் எழுதியிருப்பேன்.

படித்த அன்றைக்கே சோய்லோவைப் பார்க்கப் போனேன். உனக்குத் தெரியுமா, அவனுக்குச் சர்க்கரை வியாதி, ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஆலை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு லாட்டரிச் சீட்டு விற்கிறான். உன் கடிதத்தை அவன் முகத்துக்கு நேராக நீட்டினேன். கண் தெரியவில்லை, நீயே படி என்றான். தெருவில் நின்று படித்தேன். லாரிச் சத்தத்தில் பாதி அவன் காதில் விழுந்திருக்காது. விழாவிட்டாலும் என்ன, அவனுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருந்தது.

"தெமெத்ரியோ தொடையப் பாத்தேனே, புதுசா ஊசி குத்தின அடையாளமே இல்ல" என்றான். "ஒம்பதாம் நாள் ஜெபம் முடிஞ்சதும் உங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? அவ அழல, நூரிஸ். காப்பி ஆத்திட்டு இருந்தா. ஆத்தி முடிச்சுட்டு, 'அவனையே அனுப்பு'ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. சாவுச் சீட்டு அப்படியே இருக்கட்டும்னு நான் சொன்னது பேச்சுக்குத்தான். கிளப்புக்கு அனுப்ப வேற ஒரு பையனக்கூடப் பாத்து வெச்சிருந்தேன். 'எர்மீனியா அம்மா, உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? கொன்னதே அவன்தானே'ன்னேன். 'அதனாலதான்'னா. 'எவன் எங்க நின்னு என் பிள்ளை பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் அவன் திரும்பிப் பாக்கணும். சாகறவரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கணும்'னா."

இதைக் கேட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அந்த ரேடியோ இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. இருபதாயிரம் பேர், நாற்பதாயிரம் பேர் "அர்செனியோ, அர்செனியோ" என்று கத்துவார்கள். அம்மா சிரிப்பாள். தன் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சிரிக்கிறாள் என நினைத்திருந்தேனே. நாற்பதாயிரம் பேர் கூப்பிட, நீ போய் நிற்க வேண்டியிருக்கிறதே, அதற்குத்தான் சிரித்தாளா? பதினான்கு வருஷம் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அரிசியில் கல் பொறுக்கியிருக்கிறேன். என் அம்மாவை எனக்கு இப்போது தெரியவில்லை, தெமெத்ரியோ. செத்தவளை எழுப்பி எதைக் கேட்பேன்?

ஆனால் கடைசி வாரம் "அவன் வருவானா" என்று கேட்டாளே, அப்போது அவள் முகத்தில் கோபம் இல்லை. அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

நவம்பர் இரண்டு காலையில் போனேன். வெள்ளை வர்ணத்தை இரண்டு பூச்சு அடித்தேன். உன் பெயர் போய்விட்டது. அவன் பெயரை எழுதக் கறுப்பு டப்பாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. பக்கத்துச் சிலுவைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயந்து விட்டுவிடவில்லை. நான் இங்கே எழுதிவிட்டால் அங்கே அந்தப் பெயர் உன் மேலிருந்து இறங்கிவிடுமா? நீ அங்கே அர்செனியோ, இவன் இங்கேயும் அர்செனியோ என்று ஆகும். என் தம்பி இரண்டு இடத்திலும் கிடந்து அல்லாடுவான்.

இப்போது சிலுவை மொட்டையாக நிற்கிறது. பெயரை எடுத்துக்கொண்டு போனவன் நீ. நீயாகத் திருப்பிக் கொடு. கொடுக்காமல் அந்த மண்டபத்துச் சுவரில் பித்தளையில் அடித்து மாட்டிக்கொண்டாலும் சரி. உனக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்று, "இவன்தான், மருந்து போட்டு ஆடினவன்" என்று என் தம்பியைப் பார்த்துச் சொல்வார்கள். உன் இஷ்டம்.

இனி நான் எழுதமாட்டேன்.

நூரிஸ்

*

பாட்டர்சன்
22 ஜனவரி 2025

நூரிஸ்,

நேற்று மத்தியானம் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மண்டபத்தில் இடம் கிடைத்தால் அறிவிப்பதற்கு முன்னால் ஃபோன் வரும். கிடைக்காவிட்டால் வராது. ஒன்பது வருஷம் வரவில்லை. இந்த வருஷம் வீடு நிறைய ஆட்கள். வக்கீல், மனைவியின் சொந்தக்காரர்கள், பழைய ஆட்டக்காரர்கள் மூன்று பேர். சமையலறையில் பெரிய பாத்திரத்தில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டேகாலுக்கு ஃபோன் அடித்தது.

வயசான குரல், மரியாதையான மனுஷன். "அர்செனியோ வால்தெஸ்பினாவா பேசறது?" என்று கேட்டார்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டது. எர்மீனியா அம்மா நினைத்தது அப்படியே நடந்தது என்று அவளிடம் யாராவது சொல்ல வேண்டும்.

நேற்றும் திரும்பிப் பார்த்தேன், நூரிஸ். அவன் இல்லை. எப்போதும் எங்காவது நிற்பான், வாசல் பக்கத்திலாவது. நேற்று இல்லை. அவனைத்தான் கேட்கிறார்கள், அவன் வந்து பதில் சொல்லட்டும் என்பதுபோல ஒரு விநாடி நின்றேன். வீடு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லீங்க" என்றேன். "அவன் செத்துப்போயிட்டான்."

அவர் சிரித்தார். சந்தோஷத்தில் உளறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன், அர்செனியோ" என்றார்.

"1993 ஜூன் பத்தொன்பது" என்றேன். "பதினாறு வயசு. அவன் ஒரு ஹோம் ரன்கூட உங்க ஊர்ல அடிச்சதில்ல. அவன் உடம்புல ஏறின மருந்து ஒரே ஒரு நாள் ஏறினது. அதையும் அவனா போட்டுக்கல, நான் போட்டேன். மிச்சம் எட்டு வருஷம் போட்டதெல்லாம் எனக்கு நானே போட்டது. பேப்பர்ல எழுதறப்ப அவன் பேர்ல எழுதாதீங்க."

வக்கீல் ஓடிவந்து என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை. என் மனைவி அடுப்பை அணைத்தாள். அந்தச் சத்தம்கூடக் கேட்டது.

அந்தப் பக்கம் அவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருக்கேன்?"

சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவர் பேனாவைத் தேடுவது கேட்டது. எப்படி எழுதுவது என்று கேட்டார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

தெமெத்ரியோ பனியாகுவா